எரிமலையின் வாயு, வெப்ப அளவீடுகள் பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி

ஓர் எரிமலையிலிருந்து நாளொன்றுக்கு எத்தனை டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறது, எத்தனை மெகாவாட் வெப்பம் வெளிப்படுகிறது என்ற இரண்டு எண்களும், அதன் அடியில் பாறைக்குழம்பு எந்த ஆழத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கணிக்க உதவும் முதன்மைச் சான்றுகள். அவ்வெண்கள் திடீரென்று மாறினால், மாறியது எரிமலையா, காற்றா, வானமா, கருவியா என்று பிரித்தறியாமல் எந்த எச்சரிக்கையும் விடக் கூடாது. அதே காரணத்தால், பிரித்தறியாமல் எந்த மாற்றத்தையும் கருவிக் கோளாறு என்று ஒதுக்கவும் கூடாது. கீழ்வரும் வழிமுறை அந்தப் பிரித்தறிதலுக்காக எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஹவாய்த் தீவின் கிலாவியா எரிமலையைச் சேர்ந்தவை. 1979 முதல் அங்கே கந்தக டை ஆக்சைடு தொடர்ந்து அளக்கப்பட்டு வருவதும், அளவீட்டில் நேரக்கூடிய ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களும் அங்கே நேர்ந்து தீர்வு கண்டிருப்பதும் அதற்குக் காரணம்.

எந்த அறிகுறியாயினும் முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

திரையில் தெரியும் இறுதி எண்ணை மட்டும் பார்த்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. அதே நேரத்துக்குரிய மூல நிறமாலைகள் (வானத்திலிருந்து வரும் புற ஊதா ஒளியை வாயு எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சியது என்று நிறமாலைமானி பதிந்தவை), வாயுத்திரள் மிதக்கும் உயரத்தில் வீசிய காற்றின் வேகமும் திசையும், எரிமலைவாயைப் பார்த்திருக்கும் இணையக் கேமராவின் படங்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் கேமராப் படத்தைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள். என் கருத்தில் அதுவே முதலில் பார்க்கப்பட வேண்டியது, ஏனெனில் திரள் எந்தப் பக்கம் சாய்ந்தது, மேகம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு அது ஒரே பார்வையில் விடை தந்துவிடும்.

கருவியை நேரில் சரிபார்க்கப் புறப்படுவோர், பழுதடைந்த கருவி தரும் எண்ணை நம்பித் தம் பாதுகாப்பை முடிவு செய்யலாகாது. கந்தக டை ஆக்சைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) செறிவில் உயிருக்கு உடனடி ஆபத்தை விளைவிக்கக் கூடியது. ஹைட்ரஜன் சல்பைடு ஏறத்தாழ அதே செறிவில் முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுபோவது நல்ல அறிகுறியாகாது. கார்பன் டை ஆக்சைடு நிறமும் மணமும் இன்றிப் பள்ளங்களில் தேங்கும். 2006 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மாமத் மலையில் பனியை உருக்கி உண்டாகியிருந்த ஒரு வாயுக்குழியில் பனிச்சறுக்குக் காவல் பணியாளர் மூவர் உயிரிழந்தனர். முகமூடியும், அளவீட்டுக் கருவியோடு தொடர்பில்லாத தனி வாயு எச்சரிப்பானும் இல்லாமல் எவரும் தனியாகப் போகக் கூடாது.

அறிகுறி: கந்தக டை ஆக்சைடு வீதம் திடீரென்று சரிந்துவிட்டது

எல்லா அறிகுறிகளிலும் இதுவே மிகுந்த கவனத்தைக் கோருவது. எண் குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்ற எண்ணம் இயல்பாக எழுவதும், அது பல வேளைகளில் பிழையாவதும் இதற்குக் காரணங்கள்.

முதலில் காற்றின் திசையைப் பாருங்கள். கிலாவியாவில் ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கு வியாபாரக் காற்று வீசுவதால் திரள் தென்மேற்கே நகர்கிறது. அளவீட்டு நிலையங்களும் அந்தப் பக்கமே அமைக்கப்பட்டுள்ளன. கோனா எனப்படும் எதிர்த்திசைக் காற்று வீசும் நாட்களில் திரள் அந்த நிலையங்களைக் கடப்பதே இல்லை. அன்று கருவி காட்டும் குறைந்த எண் எரிமலையைப் பற்றி எதுவும் சொல்லாது. சுழன்று வருடும் நிறமாலைமானியாக இருந்தால், வருடலின் ஒரு முனையில் உறிஞ்சல் உச்சத்தில் இருந்து மறுமுனையை நோக்கிக் குறைகிறதா என்று பாருங்கள். அப்படியானால் திரளின் ஒரு பகுதி மட்டுமே பார்வைக்குள் வந்திருக்கிறது. இரு முனைகளிலும் தெளிந்த வானம் தெரிந்து, இடையில் திரள் முழுமையாக அடங்கிய வருடல்களை மட்டுமே வீதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திசை சரியாக இருந்தால், அடுத்தது தொலைவும் மேகமும். புற ஊதாக் கதிர்கள் காற்று மூலக்கூறுகளால் மிகுதியாகச் சிதறுவதால், திரளுக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெளியிலிருந்து, திரளைக் கடந்து வராத ஒளியும் தொலைநோக்கியினுள் புகுந்து உறிஞ்சலை நீர்த்துப்போகச் செய்கிறது. சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் பார்க்கும் நிலையங்களில் இந்தக் குறை மிகப் பெரிதாகலாம். மூட்டம் கூடினால் இன்னும் கூடும். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரே நிறமாலையை 310 நானோமீட்டரை ஒட்டிய பட்டையிலும் 320 நானோமீட்டருக்கு மேற்பட்ட பட்டையிலும் தனித்தனியே பொருத்திப் பாருங்கள். குறுகிய அலைநீளமே அதிகம் சிதறும் என்பதால், முதற்பட்டை தரும் விடை இரண்டாம் பட்டையின் விடையைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ஒளி கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். வாகனத்தில் திரளுக்கு நேர் கீழே கடந்துசென்று, தலைக்கு மேலே நோக்கி அளந்தால் இச்சிக்கல் வெகுவாகக் குறையும் என்பதால், ஐயமுள்ள நாளில் அப்படி ஒரு கடவையேனும் எடுப்பது நல்லது.

செயற்கைக்கோள் வழியாகவும் சரிபார்க்கலாம். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல் 5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி நாள்தோறும் நண்பகலுக்குப் பின், உள்ளூர் நேரம் 1.30 மணியை ஒட்டிக் கடக்கிறது. ஆனால் அதன் தரவுக் கோப்பில், திரள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கொண்டு கணக்கிட்டார்களோ அதற்கேற்பப் பல எண்கள் இருக்கும். தரையையொட்டித் தவழும் திரளுக்கு, 7 கிலோமீட்டர் உயரத்துக்கான எண்ணை எடுத்தால் வாயு உண்மையைவிடக் குறைவாகவே தோன்றும். அதையும் எரிமலையின் சரிவென்று படித்துவிட வேண்டாம்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் எண் குறைந்தே நின்றால், சரிவு உண்மையானது. உண்மையான சரிவுக்கு மூன்று பொருள்கள் உண்டு. பாறைக்குழம்பு வாயுவை இழந்து ஓய்ந்திருக்கலாம்: 2018இல் கிலாவியாவின் கீழைப் பிளவு மண்டலத்தில் நிகழ்ந்த வெடிப்பின்போது நாளொன்றுக்கு 1 லட்சம் டன்னைத் தாண்டிய கந்தக டை ஆக்சைடு, அவ்வெடிப்பு முடிந்தபின், அளவீடு தொடங்கிய காலம்தொட்டுக் காணாத தாழ்நிலைக்கு வீழ்ந்தது, அது மெய்யான ஓய்வு. இரண்டாவதாக, வாயு நீரில் கரைந்து மறைந்திருக்கலாம். கந்தக டை ஆக்சைடு நீரில் எளிதில் கரையும்; கார்பன் டை ஆக்சைடு அவ்வளவு கரையாது. 2019 ஜூலையில் கிலாவியாவின் உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு எரிமலைவாயின் அடியில் நீர் தேங்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சுமார் 50 மீட்டர் ஆழமுள்ள வெந்நீர் ஏரியாக நின்ற காலத்தில், அங்கே வெளியேறிய கந்தக டை ஆக்சைட்டை மட்டும் பார்த்து அடியிலுள்ள பாறைக்குழம்பைக் கணிக்க இயலாதிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 20 இரவு வெடிப்புத் தொடங்கியபோது ஏரி முழுவதும் ஆவியானது. நீர் இருக்கும் எரிமலையில் கார்பன் டை ஆக்சைட்டையும் சேர்த்து அளக்காமல் ஓய்வு என்ற முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவது பொருளே அச்சத்துக்குரியது: வாயு வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம். பிலிப்பைன்ஸின் பினட்டுபோவில் 1991 மே 13 அன்று நாளுக்குச் சுமார் 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு, மே 28க்குள் 5,000 டன்னைத் தாண்டி, அதன்பின் சில நாட்களிலேயே வெகுவாகக் குறைந்தது. அந்தக் குறைவை அங்கிருந்த அறிவியலாளர்கள் அமைதியாகக் கொள்ளவில்லை; வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்ற சாத்தியத்தை முன்வைத்தார்கள். ஜூன் 15 அன்று நிகழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் ஒன்று. ஆகவே சரிவு கண்ட நேரத்தில் நில அதிர்வுப் பதிவையும் தரைச்சாய்வையும் உடனே பாருங்கள். வாயு குறையும்போதே நிலம் வீங்குகிறது அல்லது அதிர்வுகள் கூடுகின்றன என்றால், அதை எச்சரிக்கையாகவே மேலே அனுப்ப வேண்டும்.

அறிகுறி: வீதம் மணிக்கு மணி இரட்டிப்பாகிப் பாதியாகிறது

ஏறத்தாழ எப்போதும் இது காற்றுவேகத்தின் பிழை. கணக்கு எளியது: திரளின் குறுக்கே அளந்த வாயுவின் மொத்தத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வீதம் கிடைக்கிறது. 2 கிலோமீட்டர் அகலமுள்ள திரளில் சராசரிப் பாதைச் செறிவு (செறிவை, ஒளி திரளுக்குள் கடந்த தொலைவால் பெருக்கிய அளவு) 500 பிபிஎம்-மீட்டர் என்றும் காற்று வினாடிக்கு 5 மீட்டர் என்றும் கொண்டால், 1 பிபிஎம்-மீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.66 மில்லிகிராம் என்ற கணக்கில், நாளொன்றுக்குச் சுமார் 1,150 டன் வரும். காற்று உண்மையில் 7 மீட்டராக இருந்திருந்தால் அதே நிறமாலைகள் 1,600 டன்னைத் தரும். எரிமலையில் எதுவும் மாறாமலே அறிக்கையில் 450 டன் கூடிவிடுகிறது.

தரையில் நட்ட காற்றுமானி திரளின் உயரத்தில் வீசும் காற்றை அளப்பதில்லை, வானிலை மாதிரியின் காற்றோ மலைமுகட்டின் திருப்பங்களை அறியாது. இயன்றால், திரள் செல்லும் திசையில் சற்று இடைவெளிவிட்டு இரண்டு நிறமாலைமானிகளை வைத்து, திரளின் அடர்ந்த திட்டு ஒன்று முதலாவதைக் கடந்தபின் எத்தனை வினாடிகளில் இரண்டாவதைக் கடக்கிறது என்பதிலிருந்து வேகத்தை நேரடியாகப் பெறுங்கள். வாகனக் கடவையில் சாலை திரளைச் செங்குத்தாக வெட்டாவிட்டால் அந்தக் கோணத்தையும் திருத்த வேண்டும். 30 பாகை விலகலுக்கே 13 விழுக்காடு பிழை சேர்கிறது.

காற்றைத் திருத்தியபின்னும் ஏற்ற இறக்கம் சீரான இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தால், எரிமலையே அப்படி மூச்சுவிடுகிறது என்று கருத இடமுண்டு. 2008 முதல் 2018 வரை ஹலேமாவுமாவுவில் இருந்த லாவா ஏரியில், மேற்பரப்புக்கு அடியில் வாயு சேர்ந்து ஏரி மெல்ல உயர்வதும், அவ்வேளையில் கொப்பளிப்பும் வாயு வெளியேற்றமும் அதிர்வும் ஒருசேரக் குறைவதும், பிறகு வாயு பீறிட்டு ஏரி சட்டென்று தாழ்வதும் பலமுறை பதிவாகியுள்ளன. அதிர்வுப் பதிவும் வாயுவும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏறினால் அது கருவியின் வேலையாக இருக்க முடியாது.

அறிகுறி: எதிர்ம எண்கள் வருகின்றன, அல்லது தெளிந்த வானத்திலும் வாயு தெரிகிறது

எதிர்ம எண் வந்தால் முதலில் ஒப்பு நிறமாலையைச் சோதியுங்கள். தெளிந்த வானம் என்று எண்ணி எடுத்த ஒப்பு நிறமாலையிலேயே மெல்லிய வாயு இருந்திருந்தால், அதைவிடத் தூய வானத்தை நோக்கும் ஒவ்வொரு அளவீடும் எதிர்மமாகும். திரளின் மொத்த அளவும் அதே அளவுக்குக் குறையும். பரந்து படர்ந்த மூட்டம் நாள்முழுதும் நிற்கும் இடங்களில் இது அடிக்கடி நேரும். எரிமலைக்கு எதிர்க்காற்றுப் பக்கத்தில் எடுத்த நிறமாலையைக் கொண்டு மறுபடி கணக்கிட்டால் சரியாகிவிடும்.

காலையிலும் மாலையிலும் மட்டும் அடிக்கோடு (வாயு இல்லாத வானத்துக்குக் கருவி காட்டும் அளவு) வளைந்தால் காரணம் ஓசோன். சூரியன் தாழ்ந்திருக்கையில் கதிர் வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடப்பதால், கந்தக டை ஆக்சைடு உறிஞ்சும் அதே 300 முதல் 325 நானோமீட்டர்ப் பகுதியில் ஓசோனின் உறிஞ்சல் ஓங்குகிறது, ஒளியும் குன்றுகிறது. அந்த நேரத்து அளவீடுகளை வீதக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நேர்மையானது. மாறாக, வெயில் ஏற ஏற அடிக்கோடு ஒரே திசையில் நகர்ந்தால் கருவியின் வெப்பநிலை கூடி அலைநீள அளவுகோல் நகர்ந்திருக்கும். பாதரச விளக்கின் கோடுகளையோ சூரிய நிறமாலையில் இயல்பாகவே உள்ள பிரான்ஹோபர் கோடுகளையோ கொண்டு எவ்வளவு நகர்ந்தது என்று கண்டு திருத்தலாம். ஒளி புகாமல் மூடி எடுத்துக் கழிக்கும் இருள் நிறமாலையும் அதே வெப்பநிலையில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதிகாலைக் குளிரில் எடுத்ததை நண்பகலில் கழிக்கக் கூடாது.

அறிகுறி: திரள் கண்ணுக்கே அடர்ந்து தெரிகிறது, எண்ணோ ஒரு வரம்புக்குமேல் ஏறவில்லை

இதில் கருவி பழுதடைவதில்லை. கணக்கிடும் முறைதான் அதன் எல்லையை எட்டிவிடுகிறது. வாயு மிக அடர்ந்தால் 310 நானோமீட்டரை ஒட்டிய ஒளி ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்பட்டுவிட, கருவிக்குள் சேர்வது திரளைச் சுற்றி வந்த ஒளியும் கருவியின் உட்சிதறலுமே ஆகும். அந்நிலையில் வாயு இரட்டித்தாலும் எண் அசையாது. திரளில் நீர்த்துளிகளும் தூசியும் இருந்தால் ஒளிக்கதிரின் பாதையே மாறிவிடும்.

கிலாவியாவின் உச்சியில் இது பல ஆண்டுகள் தொடர்ந்தது. எரிமலைவாய்க்கு மிக அருகில், அடர்ந்த திரளுக்குள் எடுத்த பழைய வகை அளவீடுகள் உண்மையைவிடப் பெரிதும் குறைந்த எண்களைத் தந்தன. பின்னர் ஹவாய் எரிமலை ஆய்வகத்தினர், வாய்க்குக் காற்றுத்திசையில் சில கிலோமீட்டர் தள்ளி, திரள் சற்றே விரிந்த இடத்தில், மேல்நோக்கிய பத்து நிறமாலைமானிகளை ஒரு வரிசையாக நிறுவினர். 2014 முதல் 2017 வரையிலான அவ்வரிசையின் அளவீடுகள் உச்சியின் உமிழ்வு நாளொன்றுக்குச் சராசரியாக 5,000 டன்னை ஒட்டியிருந்ததைக் காட்டின. எரிமலை கூடுதலாக உமிழத் தொடங்கியதால் வந்த உயர்வன்று அது. காற்றடிக்கும் திசையிலுள்ள பஹாலா போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்கள் முன்பும் அதே வாயுவைத்தான் சுவாசித்திருந்தார்கள் என்பதை நினைத்தால், அளவீட்டு முறையின் எல்லையை அறிவது எத்துணை முக்கியம் என்பது விளங்கும்.

ஆகவே வரம்பு தட்டுப்பட்டவுடன் பொருத்தும் பட்டையை நீண்ட அலைநீளத்துக்கு நகர்த்துங்கள். 320 நானோமீட்டருக்கு மேலும் போதாவிட்டால், கந்தக டை ஆக்சைடு மிக மெலிதாக உறிஞ்சும் 360 முதல் 390 நானோமீட்டர் வரையிலான பட்டை கடும் அடர்வுக்கு உதவும். மூல நிறமாலைகள் சேமிப்பில் இருந்தால் பல ஆண்டுகளுக்கு முந்தைய அளவீட்டையும் இவ்வாறு மறுபடி கணக்கிடலாம். இறுதி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்களுக்கு அந்த வழி இல்லை. வன்தட்டு நிறைந்தது என்பதற்காக எவரும் நிறமாலைகளை அழிக்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: கார்பன், கந்தக விகிதம் திடீரென்று உயர்ந்துவிட்டது

திரளுக்குள்ளேயே வைத்து, காற்றைப் பம்பால் இழுத்துப் பல வாயுக்களை ஒருசேர அளக்கும் நிலையங்களில் வரும் அறிகுறி இது. இத்தாலியின் எட்னாவிலும் ஸ்ட்ராம்போலியிலும் வெடிப்புகளுக்கு முன் கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு விகிதம் உயர்ந்தது பதிவாகியிருக்கிறது. பாறைக்குழம்பு ஆழத்திலிருந்து எழும்போது கார்பன் முதலில் பிரிந்து வெளியேறுகிறது என்பதே அதன் அடிப்படை. எனவே இந்த உயர்வை அலட்சியப்படுத்த முடியாது. அதே நேரத்தில் இதைப் பொய்யாக உண்டாக்கக்கூடிய காரணங்களும் பல.

உயர்வு இரவில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். இரவில் மண்ணும் செடிகொடிகளும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தரையருகே தேங்குவதால், காற்றில் இயல்பாக 420 பிபிஎம்மை ஒட்டியுள்ள பின்னணி கூடிவிடும். பகல் பின்னணியைக் கழித்தால் மிச்சம் எரிமலையின் கணக்கில் சேர்ந்துவிடும். குழாயில் நீர் கோத்திருந்தால் கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து, விகிதத்தின் கீழெண் குறையும். மின்வேதி உணரி முதுமையடைந்தாலோ, அதன் மேல்வரம்பை எட்டினாலோ விளைவு அதுவே. இரு வாயுக்களையும் எதிரெதிர் அச்சுகளில் வரைந்து பாருங்கள்: புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையாமல் வளையமாகச் சுழன்றால் இரண்டு உணரிகளும் வெவ்வேறு வேகத்தில் இயங்குகின்றன என்று பொருள். ஒன்றின் நேரத்தைச் சில வினாடிகள் நகர்த்தி வளையம் மூடும்வரை பொருத்தியபின்தான் சாய்வைக் கணக்கிட வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு உணரி கந்தக டை ஆக்சைட்டையும் ஓரளவு தன் வாயுவாகவே காட்டும் என்பதையும், அறிந்த செறிவுள்ள வாயுவைச் செலுத்தி அந்தக் குறுக்கீட்டை அளந்து கழிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

அறிகுறி: தெர்மல் கேமராவில் உச்ச வெப்பநிலை நாட்கணக்கில் ஒரே எண்ணாக நிற்கிறது, அல்லது லாவா குளிர்ந்ததாகக் காட்டுகிறது

ஒரே எண்ணில் நிற்பது உணரி நிறைவடைந்ததன் அடையாளம். கேமராவின் வெப்பநிலை எல்லை தாழ்ந்த நிலையில் அமைக்கப்பட்டிருந்தால் அதற்கு மேற்பட்ட யாவும் அந்த எல்லை எண்ணாகவே பதிவாகும். எல்லையை உயர்த்தினால் போதும், ஆனால் அப்போது குளிர்ந்த பரப்புகளின் நுணுக்கம் கெடும் என்பதையும் எடைபோட வேண்டும். குளிர்ந்து காட்டுவதற்குப் பெரும்பாலும் இடையிலுள்ள ஆவியும் புகையுமே காரணம். கிலாவியாவின் லாவா 1,150 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமுடையது. ஏரியின் மேலோடு அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது. அடர்ந்த வாயுவின் ஊடே பார்க்கையில் இன்னும் குறைந்து தெரியும். ஆகையால் தனியொரு படத்தின் எண்ணை நம்பாமல், பல நிமிடப் படங்களில் புகை விலகிய கணங்களின் உச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராப் பெட்டியின் சன்னல் ஜெர்மானியம் அல்லது அதையொத்த பொருளாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்பைக் கடக்கவிடாது. அமில மழை அச்சன்னலின் பூச்சை அரித்தால் வெப்பநிலை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். வாயுவில் மாற்றமில்லாமல் வெப்பம் மட்டும் இவ்வாறு சீராகத் தேய்ந்தால் சன்னலை ஐயுறுங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் வெப்பம் மறைந்தது, இரட்டித்தது, அல்லது பொருந்தாமல் தாழ்ந்தது

மறைவுக்கு முதற்காரணம் மேகம். அது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போவது பார்வைக் கோணம். டெரா, அக்வா ஆகிய செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவி நேர் கீழே நோக்கும்போது 1 கிலோமீட்டர் பிக்சலைத் தருகிறது. பாதையின் விளிம்பில் அதே பிக்சல் ஏறத்தாழ 2க்கு 4.8 கிலோமீட்டராக விரிகிறது. சாய்ந்த அப்பார்வையில் எரிமலைவாயின் சுவர் உள்ளிருக்கும் லாவாவை மறைத்துவிடும். விளிம்பில் அடுத்தடுத்த வருடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரே வெப்பப்புள்ளி இருமுறை எண்ணப்பட்டு இரட்டிக்கவும் கூடும். கோணம் பெரிதான கடப்புகளைத் தனியே குறித்து ஒதுக்கினால் இரண்டு சிக்கல்களும் நீங்கும்.

பொருந்தாத் தாழ்வு, மற்றொரு செயற்கைக்கோள் கருவியான வியர்ஸின் 375 மீட்டர்ப் பட்டையில் வரும். அதன் 3.7 மைக்ரோமீட்டர் அலைவரிசை 367 கெல்வினிலேயே நிறைவடைந்துவிடும். கடும் வெப்பத்தில் எண் மடங்கித் திரும்பி, மிகச் சூடான பிக்சலைக் குளிர்ந்ததாகக் காட்டும். சுற்றிலும் நிறைவுற்ற பிக்சல்கள் இருக்க நடுவில் ஒரு குளிர்ந்த புள்ளி தெரிந்தால் அது குளிர்ச்சி அன்று. பகற்படங்களில் 4 மைக்ரோமீட்டர்ப் பட்டையில் சூரிய ஒளியின் எதிரொளிப்பும் கலக்கும் என்பதால், நீண்டகாலத் தொடர்வரிசைக்கு இரவுப்படங்களையே பயன்படுத்துவது மேல்.

எரிமலை ஒளிர்வது கண்ணுக்குத் தெரிந்தும் தானியங்கி எச்சரிக்கை வராவிட்டால், வரம்பெண்ணைப் பாருங்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மோட்வோல்க் முறை பொய்யெச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காகக் கண்டிப்பான, மாறாத வரம்பைக் கொண்டது. சிறிய வெப்பம் அதில் தப்பிவிடும். இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மிரோவா முறை, சுற்றுப்புறப் பின்னணியோடும் ஒப்பிடுவதால் மெல்லிய வெப்பத்தையும் பிடிக்கும். அதிலும் வெப்பத்திறன் எண் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், 10 விழுக்காட்டு மாற்றத்துக்குப் பொருள் கற்பிக்க வேண்டாம்.

அறிகுறி: வாயுவும் வெப்பமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன

முதலில் கடிகாரம். செயற்கைக்கோள் தரவு ஒருங்கிணைந்த உலக நேரத்தில் வரும். ஹவாய் நேரம் அதற்கு 10 மணி பின்தங்கியது. இரு வரைபடங்களின் உச்சங்களும் சரியாக 10 மணி விலகியிருந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

கடிகாரம் சரியென்றால் முரண்பாடே ஒரு செய்தியாகும். வாயு மிகுந்து வெப்பம் தெரியாவிட்டால் பாறைக்குழம்பு ஆழத்திலோ குறுகிய துளையின் அடியிலோ இருக்கலாம். 2008 மார்ச் 19 அன்று ஹலேமாவுமாவுவில் திறந்த துளை தொடக்கத்தில் 35 மீட்டர் அகலமே இருந்தது. அதன் பரப்பு ஒரு மோடிஸ் பிக்சலின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உள்ளே லாவா இன்னும் ஆழத்தில் கிடந்தது. வாயுவோ அதற்கு முன்பிருந்தே கூடியிருந்தது. அத்தகைய கட்டத்தில் வாயுவையே நம்ப வேண்டும். மறுபுறம், வெப்பம் நீடித்து வாயு வீழ்ந்தால், ஏற்கெனவே வாயுவை இழந்த லாவா பரந்து கிடந்து ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2024 டிசம்பர் 23 முதல் கிலாவியாவில் விட்டுவிட்டு எழும் லாவா ஊற்றுகளின்போது கந்தக டை ஆக்சைடு நாளுக்குப் பல பத்தாயிரம் டன் வீதத்தை எட்டுகிறது. ஊற்று நின்றதும் 1,200 முதல் 1,500 டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எரிமலைவாயின் தளத்தில் பரவிய லாவாவோ அதன்பின்னும் நாட்கணக்கில் வெப்பத்தை வீசியபடி இருக்கிறது. அந்த வெப்பத்தைப் புதிய வெடிப்பென்று அறிவித்துவிடக் கூடாது.

பதிவேட்டில் எழுதும் முறை

மேற்கண்ட சோதனைகளுள் பாதியைத் தேவையற்றதாக்கக்கூடிய பழக்கம் ஒன்றுண்டு: அளந்து பூஜ்ஜியம் கண்டதையும், அளக்க முடியாமற்போனதையும் ஒரே குறியால் எழுதாதிருத்தல். திரள் வேறு பக்கம் போன நாள், மேகம் மூடிய நாள், மின்கலம் தீர்ந்த நாள், சூரியத் தகட்டில் சாம்பல் படிந்த நாள் ஆகிய எதிலும் கோப்பில் பூஜ்ஜியம் விழக் கூடாது. அவை வெற்றிடமாக நின்று, பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல நிரல்கள் வெற்றிடத்தைத் தாமாகவே பூஜ்ஜியமாக நிரப்பி மாதச் சராசரியைக் கீழே இழுத்துவிடும் என்பதால், சராசரி எடுக்கும் நிரலைக் காலியான சோதனைக் கோப்பொன்றைக் கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஐயத்துக்குரிய எண்ணை நீக்கிவிடாமல், எந்தச் சோதனை முடிந்தது, எது எஞ்சியுள்ளது என்ற குறிப்போடு, பணியிலிருக்கும் எரிமலையியலாளருக்கு அன்றே அனுப்புங்கள். அதிர்வையும் சாய்வையும் பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கு, உறுதிப்படாத எண்ணும் பயன்படும்.